மலர் அன்ரிக்கு லினக்ஸ்

13 ஒக்டோபர், சனி
காலையிலிருந்து மழை. கொட்டாஞ்சேனை அலுவலகம் கழித்துவிட்ட கம்பியூட்டரை ஓட்டோவில் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன். கீழ்வீட்டு மலர் அன்ரிக்கு. லண்டன் மகளுக்கு மெயில் எழுதவாம். வழியில் சோதனைச் சாவடி. "மேக்கே மொனவத?" இதற்குள் என்ன என்கிறான் ஆமிக்காரன். நடுவீதியில், மழையில், பெட்டியைக் கழற்றிக் காட்டினேன். ஒரு ஸ்குரூ போயே போச்சு.

உள்ளே முழுக்க வைரஸ். எல்லாவற்றையும் அழித்து லினக்ஸ் போட்டேன். பழைய மெஷினிலும் ஓடும்.

14 ஞாயிறு
ஓடுகிறது. மோடம் மட்டும் ஓடவில்லை. லினக்ஸுக்கு இந்த மோடத்தைத் தெரியாதாம். நாலு மணித்தியாலம். மூன்று தேத்தண்ணி. ஒரே கேள்வி: "தம்பி, இன்னும் சரிவரேல்லையோ?"
செய்ய: வேறு மோடம் (அலுவலகத்துக் கபிலனிடம் கேட்க). எழுத்தைப் பெரிதாக்க. மெயில் தவிர மற்றதெல்லாம் மறைக்க.

16 செவ்வாய்
மோடம் சரி. தமிழ் வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது; அதுவும் சரி. இனி மவுஸ். மேசை விளிம்பு வரை இழுத்துவிட்டு, "இடம் முடிஞ்சுது தம்பி" என்கிறார். ஒரு சொல் அடிக்க ஐந்து நிமிடம். கத்திவிட்டேன்.
"மகளோட ஃபோனில கதைக்கலாம்தானே அன்ரி! இல்லாட்டிக் காலி வீதியில நெற் கபே இருக்கு. ஏன் இந்தக் கரைச்சல்?"
எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.
"மகளுக்கில்லை தம்பி. சுதனைப் பிடிச்சுக்கொண்டு போய் இண்டைக்குப் பன்னிரண்டு நாள்."
சுதன், மகன். இருபத்திரண்டு வயது. கண்டியில் வேலை என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார். சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்களாம். எந்தப் பொலிசில் கேட்டாலும் இல்லை என்ற பதில். வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரிந்தால் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார். கபேயில் பின்னால் நிற்பவன் வாசிப்பான்.


17 புதன்
லீவு போட்டேன். அன்ரி யாழ்ப்பாணக் கச்சேரியில், அந்த அரச அலுவலகத்தில், பத்தொன்பது வருடம் தமிழ்த் தட்டச்சாளர். கேட்டேனா? முட்டாள். ஆங்கில எழுத்தில் தமிழை உச்சரித்து அடிக்கும் முறையைக் கொடுத்து வதைத்திருக்கிறேன். பழைய டைப்ரைட்டர் முறைக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு நான் தேவைப்படவில்லை. கீபோர்ட் உடைகிறமாதிரி அடி. திரையைப் பார்க்கவேயில்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், இறக்கிய இடம். 'நீலக் கட்டம் போட்ட சேர்ட்' என்ற இடத்தில் மட்டும் கை நின்றது.
"இதை எத்தினை பேருக்கு அனுப்பலாம்?"
"எத்தினை பேருக்கெண்டாலும்."

20 சனி
லைன் அறுந்து அறுந்து வருகிறது. எம்.பி.மார், சட்டத்தரணிகள், தூதரகங்கள்: முப்பத்தொன்று போயிற்று. நாலு திரும்பி வந்தன, விலாசம் பிழை. அரை மணிக்கொருதரம் மேலே ஏறி வருகிறார்.
"ஒண்டும் வரேல்லை. மெஷின் பழுதோ?"
பழுதில்லை என்றேன். பழுது என்று சொல்லியிருக்கலாம்.

25 வியாழன்
அலுவலகத்தில், பத்து மணிக்கு, அன்ரியின் ஃபோன். மறுபடியும் மோடமா என்று எரிச்சல்பட்டேன். பிறகு வாசித்தார். கைதிகளைச் சென்று பார்க்கும் நிறுவனமொன்றின் பதில். சுதன் தெற்கில் ஒரு தடுப்பு முகாமில். அவர்களே நேரில் கண்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை தாய் போய்ப் பார்க்கலாம்.
"பேப்பரில வேணும் தம்பி. கேற்றில காட்ட வேணும்."
எனக்கு அனுப்புங்கோ, மேலே ஒரு அம்புக்குறி இருக்கு என்று சொல்லத் தொடங்கினேன்.
"அனுப்பியாச்சு."
வந்திருந்தது. ஒரு பிரதி போதும். எட்டு எடுத்தேன்.