பின்னாலிருந்து தொடங்கும் புத்தகம்

வெள்ளிக்கிழமை, இரவு

கத்தாரில் வேலை செய்யும் கணவருக்கு அனுப்பத்தான் உள்ளங்கை அளவில் அந்த ஸ்க்ராப் புத்தகத்தைச் செய்தேன். பிரிஸ்டல் போர்ட் அட்டையை வெட்டித் தைத்தது நான். படங்களை ஒட்டுவதை மகளிடம் விட்டுவிட்டு அஸர் தொழப் போனேன்.

வந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். அவரை வழியனுப்பிய நாளின் போட்டோ முதல் பக்கத்தில் வர வேண்டியது, கடைசியில் இருந்தது. கடைசிப் பக்கத்துக்கென்று மகள் வரைந்த படம், வாப்பா பையோடு திரும்பி வந்து எங்கள் வாசலில் நிற்பது, முதல் பக்கத்தில்.

"என்ன மகள், பின்னுக்கிருந்து ஒட்டி வெச்சிரிக்காய்?" என்று கத்திவிட்டேன்.

"குர்ஆன் இந்தப் பக்கத்தாலதானே உம்மா தொறக்கிற?" என்றாள், பின்னட்டையில் கையை வைத்து, அழுகிற முகத்தோடு.

ஏழு வயது. முத்தமிட்டுத் திறக்கிற புத்தகம் அவளுக்கு அது ஒன்றுதான். வாப்பாவின் புத்தகத்தையும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். இதற்கா கத்தினேன்?

ஒரு போட்டோவை உரிக்கப் பார்த்தேன், ஓரம் கிழிந்தது. விட்டுவிட்டேன். நாளைக் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கத்தாருக்குப் போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு கணவர் போனில் அழைத்தார். எப்போது வருகிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அட்டையில் ‘பின்னாலிருந்து பார்க்கவும்’ என்று எழுதத்தான் இப்போது பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. அவர் முன்னட்டையைத்தான் திறப்பார். திறந்ததும் முதலில் வீட்டுக்கு வந்து சேரட்டும்.