தொப்புள்கொடி ரத்தம்

எலவனாசூர்கோட்டை
4.8.2024

அன்புள்ள தமிழ்மொழிக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் அம்மா வீட்டில் நீயும் குழந்தையும் சுகம்தானே? பத்து நாளாக என் போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் தொப்புள்கொடி ரத்தம் எடுத்தார்களே, ரிசல்ட் வந்துவிட்டதா? வந்தும் மறைக்கிறாயா? மறைக்க ஒன்றுமில்லை என்றால் அப்படியே அனுப்பு.

அன்புடன்,
வீரமணி

நைனார்பாளையம்
11.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம்தான். பையன் வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு என்மேலேயே கக்குகிறான். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. எழுதினாலாவது யோசித்துக் கேட்பீர்கள் என்று நினைத்தேன்.

நர்ஸ் நீட்டிய காகிதத்தைப் பிடுங்கி எனக்கு முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களே, அப்போதே எனக்கு நெருடியது. கரண்ட் பில்லையே இரண்டு முறை படிக்கிறவர் அதைப் படிக்கவே இல்லை. அது என்ன பரிசோதனை என்று நினைத்தீர்கள்? நேராகச் சொல்லுங்கள். தடுப்பூசிக்குப் போகும்போது ரிசல்ட் தருவார்களாம்.

தமிழ்மொழி

எலவனாசூர்கோட்டை
16.8.2024

தமிழ்,

நேராகவே சொல்கிறேன். நீ வெள்ளிமலைப் பள்ளிக்கு வேலைக்குப் போனபோது தினமும் உன்னோடு பஸ்ஸில் வந்த அந்த வாத்தியார் என் மனதை அரிக்கிறார். "கொடி ரத்தத்துல கொழந்தையப் பத்தி நெறைய தெரிஞ்சிக்கலாம்ங்க" என்றாள் நர்ஸ். அதனால்தான் கையெழுத்துப் போட்டேன். பிள்ளை என்னுடையது என்று அதில் இருந்தால் மறுநாளே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

வீரமணி

நைனார்பாளையம்
23.8.2024

வீரமணி அவர்களுக்கு,

ரிசல்ட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் அப்பன் பெயரைத் தேடாதீர்கள். வைட்டமின் டி குறைந்தால், பிறந்த குழந்தையின் நோய் எதிர்ப்புச் செல்கள் அழற்சியை அதிகமாக்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் தமிழில்தான் எழுதியிருந்தது.

செல்களைப் பற்றிச் சொல்ல இன்னும் நாளாகுமாம். வைட்டமின் டி அவனுக்கு ரொம்பக் குறைவு. எனக்கும் அப்படித்தான். "கள்ளக்குறிச்சி வெயில்ல இருந்துகினு எப்படிம்மா இவ்ளோ கம்மி? வூட்ட விட்டு வெளியவே வரலியா?" என்று டாக்டரம்மா கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாசமானது தெரிந்ததும் வேலையை விட வைத்தீர்கள். வாசலில் நின்றால் யாரைப் பார்க்கிறாய் என்றீர்கள். துணி காயப்போடக்கூட உங்கள் அம்மாதான் போனார். எட்டு மாதம் பொறுத்தேன். இப்போது உங்கள் சந்தேகம் பிள்ளையின் ரத்தம்வரை போயிருக்கிறது.

டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்தைத் தினமும் கொடுக்கிறேன், சரியாகிவிடுவான். எங்களை அழைக்க வராதீர்கள். அவன் உங்கள் பிள்ளைதான். அதை நிரூபிக்க அவன் உடம்பிலிருந்து ஒரு துளி ரத்தமும் எடுக்க விடமாட்டேன்.

த. தமிழ்மொழி