பையை விட்டு வெளியே வராத ஸ்பேசர்

என்னங்க,

வார்டில் உங்கள் எதிரே நின்று பேசினால் குரல் உடைந்துவிடும். அதனால் எழுதி, மாற்றுத் துணியோடு வைக்கிறேன்.

நேற்று தச்சுப் பட்டறையில் நீங்கள் மூச்சுக்குத் தவித்தபோது, இன்ஹேலரைத் திரும்பத் திரும்ப அடித்தும் கேட்கவில்லை என்று உங்கள் கூட்டாளி சொன்னார்.

"அதுல மாட்டுற ஸ்பேசர் எங்கண்ணே?"

"அந்தக் குழாயா? நாங்க கிண்டல் பண்ணுவோம்னு வெளியவே எடுக்க மாட்டான்மா."

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் உங்கள் பையிலிருந்த ஸ்பேசரை எடுத்து மாட்டி நர்ஸ் சொன்னது உங்கள் நினைவில் இருக்கிறதா? "நேரா வாயில அடிச்சா நிறைய மருந்து நாக்குலயும் தொண்டையிலயும் ஒட்டிக்கும். இதுக்குள்ள அடிச்சு நிதானமா இழுங்க, நெஞ்சுக்குப் போகும்." அவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் இழுத்தீர்கள். மெல்ல உங்கள் உதட்டில் நிறம் திரும்பியது. பெண்டாட்டி சொன்னால் மட்டும் காதில் ஏறாது.

ஸ்பேசரைக் கழுவிக் காயவைத்துத் துணிக்கு மேலேயே வைத்திருக்கிறேன். இனி பட்டறையில் எல்லார் முன்னாலும் எடுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

"அப்பா எப்பம்மா வருவாரு?" என்று சின்னவள் காலையிலிருந்து என் புடவையை விடவில்லை. நாளைக்கு வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி