அந்த உருண்டையைத் தின்னாதே

பாளையங்கோட்டை
1912 மார்ச்சு 9

அன்பு மகள் இன்பமணிக்கு அப்பா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். தின்னாதே என்று நேற்று நான் அடித்த தந்தி கிடைத்திருக்கும், காரணத்தை இதில் எழுதுகிறேன். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது, உடம்பு பருக்கிறது, மோவாயில் மயிர் முளைக்கிறது என்று நீ எழுதியதற்கு நான் பயப்படவில்லை, அப்படி எத்தனையோ பெண்கள் என் மருந்துக்கடைக்கு வருகிறார்கள். பிள்ளை உண்டாக உன் மாமியார் களக்காட்டிலிருந்து கருஞ்சிவப்பு உருண்டைகள் அனுப்பியிருக்கிறார், மாப்பிள்ளையும் தின்னச் சொல்கிறார் என்றாயே, அதைப் படித்ததும்தான் தந்தி ஆபீசுக்கு ஓடினேன்.

தச்சநல்லூரில் முத்துமாலை என்று ஒருத்தி, பலசரக்கு வியாபாரி சிவசைலத்தின் மனைவி. உனக்குள்ள அதே கோளாறு. இதைத் தீர்க்கும் மருந்து என் அலமாரியில் இல்லையம்மா என்று உள்ளதைச் சொல்லி, அரிசியையும் கருப்பட்டியையும் குறைத்துக் கேப்பையும் பயறும் சாப்பிடு, விடியற்காலை ஆற்றுவரை நட என்றேன். நடந்தாள். சில மாதத்தில் விலக்கு ஒழுங்காக வரத் தொடங்கியது. வீட்டாருக்குத்தான் பொறுமையில்லை. போன வாரம் சிவசைலம் அவளை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, இவ சாவப் போறா வே, எதையாவது கொடும்" என்று கதறினார். வாய் வீங்கி எச்சில் ஒழுகியது, பல் ஆடியது. மடியில் அதே கருஞ்சிவப்பு உருண்டை. பாதரசம் சேர்த்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. முட்டை வெள்ளைக்கருவைப் பாலில் அடித்துப் புகட்டிவிட்டு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு ஆளனுப்பினேன். ஏன் தின்றாய் என்று கேட்டதற்கு, "திங்கலன்னா இன்னொருத்தியக் கெட்டி வச்சிருவாவ அண்ணாச்சி" என்றாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் நாலு பல் போய்விட்டது, இன்னும் கஞ்சிதான் இறங்குகிறது.

உன்னையும் அப்படித்தான் பயமுறுத்துகிறார்களோ என்று உன் அம்மா அழுகிறாள். ஏற்கெனவே தின்றிருந்தால் மறைக்காமல் உடனே அங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போ. மாப்பிள்ளைக்கும் தனியே எழுதியிருக்கிறேன், கோபித்தால் கோபிக்கட்டும். நடையை விடாதே, இனிப்பைத் தொடாதே. பிள்ளை பிறந்தால் சந்தோஷம், பிறக்காவிட்டால் போகட்டும், எங்களுக்கு நீ உயிரோடு வேண்டும். உன் அம்மா செவ்வாய்க்கிழமை தூத்துக்குடியில் கப்பலேறுகிறாள். நீ வருகிறேன் என்றால் உன்னைக் கையோடு கூட்டி வருவாள், யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டாம்.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக. கிடைத்ததும் ஒரு வரி எழுது.

உன் அப்பா,
கம்பவுண்டர் எலியேசர்