திரும்புகிற குழாய்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஏழேகாலுக்கு நெடுஞ்சாலைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன். பாலம் தாண்டி நூற்றறுபதாவது கிலோமீட்டர் கல்லில் ஒரு வேன் நின்றுவிட்டது. உள்ளே துப்புரவுப் பணியாளர்கள் ஒன்பது பேர். தூரத்துக்குப் போகும் கம்பெனி வண்டி வேறு வேலையில் இருக்கிறது, உங்களால் முடியுமா என்றார்கள். அண்ணி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினேன்.

பாலத்துக்கு அப்பால் இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு பங்க் கூடக் கிடையாது. எங்கள் ரெக்கவரி வண்டியின் டேங்க் எண்பது லிட்டர். வெறும் வண்டியாகப் போய், கெட்டுப்போன வண்டியை இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டுமென்றால் நூற்றுப்பத்தாவது கல்தான் எல்லை. அதனால் கட்டுப்பாட்டு அறையின் கிட்டத்துப் பட்டியலில்தான் எங்கள் நம்பர். தூரத்துப் பட்டியல் முழுக்க ஒரே கம்பெனி. அவர்கள் முதலில் போய்த் தூக்கியது நூற்றெழுபதில் நின்ற ஒரு பெரிய காரை. அந்தக் கார்க்காரர் அவர்களின் சந்தாதாரராம். வேனுக்கு மாலை நாலு மணிக்குத்தான் போனார்கள். ஒன்பது பேர் நாள் முழுக்க வெயிலில்.

இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன். கடித்து என்ன பயன்? பல்தான் தேயும்.

மார்ச் 5, வியாழன்

சொல்லிவிட்டேன். இரண்டாவது டேங்க் வைக்கப் போகிறேன் என்று.

முதுகில் அடிபட்டதிலிருந்து அண்ணனுக்குப் பலகைக் கட்டில்தான். ஓட்டுவது நான், அதட்டுவது அவன்.

"வண்டி என் பேர்ல இருக்கு. மறந்துடாத."

"பேரு உன்னுது, ஸ்டியரிங் என்னுது."

அண்ணி வெங்காயம் நறுக்கியபடியே சொன்னாள்: "டீசல் யாருதுன்னு முடிவு பண்ணிட்டு அப்புறமா சண்டை போடுங்க."

அண்ணனின் பயம் எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அடம்பிடித்து நூற்றைம்பதுக்குப் போனான். ஒரு குடும்பத்தோடு திரும்பும்போது பாதி வழியில் டீசல் தீர்ந்து நின்றான். கம்பெனி வண்டி வந்து அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து உதிரிபாகக் கடையில், "வாங்க, இழுக்குறவரா, இழுபட்டவரா?" என்றுதான் வரவேற்பு. அவனைப் படுக்க வைத்தது முதுகு மட்டும் இல்லை.

கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "என்னமோ பண்ணு. ஹைவே ஆபீஸ்ல காட்டி முத்திரை வாங்காம ரோட்டுல இறக்காத."

மார்ச் 9, திங்கள்

காயலான் கடையில் டேங்க் கிடைத்தது. விபத்தில் நசுங்கிய லாரியுடையது. நூற்றிருபது லிட்டர். அடியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

வெல்டர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு நெருப்பை அணைத்துவிட்டார்.

"டீசல் வாடை அப்படியே இருக்கு. இப்ப நான் பொறி வெச்சா டேங்க் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். உனக்கு எது வேணும்?"

"டேங்க்."

"நெனச்சேன்."

சோப்புத் தண்ணீர் ஊற்றி மூன்று முறை கழுவினேன். கை இன்னும் நாறுகிறது.

கேபினுக்குப் பின்னால் வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். வேண்டாம் என்றார். "பின்னாடி ஏற்கெனவே ஒரு வண்டியத் தொங்கவிடுற. இதையும் அங்க ஏத்துனா முன்சக்கரம் வானத்தப் பாக்கும். ஸ்டியரிங் உன் பேச்சக் கேக்காது." பழைய டேங்க் வலப்பக்கம். புதியது இடப்பக்கம், முன்சக்கரத்தை ஒட்டி. அண்ணனிடம் சொன்னேன். சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

மார்ச் 14, சனி

மாட்டியாயிற்று! டேங்க்குக்கு இரும்புத் தொட்டிலும் பட்டையும் வெல்டர். குழாய் வேலை முழுக்க நான். சீட்டுக்குக் கீழே ஒரு வால்வு. பிடியை இந்தப் பக்கம் திருப்பினால் பழைய டேங்க்கிலிருந்து இன்ஜினுக்கு டீசல் போகும், அந்தப் பக்கம் திருப்பினால் புதியதிலிருந்து. இருநூறு லிட்டர். நூற்றெழுபது என்ன, இருநூறாவது கல்லுக்கே போய்த் திரும்பலாம்.

செவ்வாய்க்கிழமை சோதனை ஓட்டம். தேறினால் தூரத்துப் பட்டியலில் எங்கள் நம்பர்.

அண்ணி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இப்பதான் ரெண்டு கன்னமும் உப்பி நல்லா இருக்கு" என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

சோதனை அதிகாரி வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "டிரைவர் எங்கம்மா?" நான்தான் என்றேன். பின்னால் யாராவது வருவார்களா என்று பார்த்தார். சரி, அது பழகிப்போனது.

இரண்டு டேங்க்கும் வாய் வரை நிரப்பி, பின்னால் ஒரு பழைய காரைத் தொங்கவிட்டு, அதிகாரியைப் பக்கத்து சீட்டில் ஏற்றி, வால்வைப் புது டேங்க்குக்குத் திருப்பிக்கொண்டு கிளம்பினேன். இருபது கிலோமீட்டர் பஞ்சு மாதிரி ஓடியது. அப்போது கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பைக் சறுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் விழுந்தது.

இறங்கி ஓடினால் சாலை முழுக்க ஈரக்கோடு. என் வண்டியிலிருந்து. புது டேங்க் சொட்டவில்லை. பழைய டேங்க்கின் மூடி வழியாகப் பொங்கி வழிகிறது! நான் தொடாத டேங்க். எப்படி?

விழுந்தவருக்கு முழங்கை கிழிந்திருந்தது. உட்கார்ந்தபடியே கேட்டார்: "அக்கா, இது ரோட்டுல விழுந்தவங்களத் தூக்குற வண்டியா, விழ வைக்கிற வண்டியா?" சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை முட்டியது.

அதிகாரி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "பத்து நாள். சரி பண்ணிக் காட்டுங்க. இல்லன்னா கழட்டிடுங்க."

மார்ச் 18, புதன்

விழுந்தவர் உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர். கையில் கட்டோடு சோப்புத் தண்ணீரில் கை வைக்க முடியாது. வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்களாம். அவர் அறைக்குப் போய் பைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வளைந்த மிதிகட்டையை மாற்றினேன். உணவகத்துக்கும் போய் முதலாளியிடம் சத்தம் போட்டேன். கை ஆறும்வரை மேசை துடைக்க வரச் சொன்னார். சத்தம் போட எனக்கு என்ன தகுதி என்றும் உள்ளே ஒரு குரல் கேட்டது.

பெரிய கார், சின்ன வேன் என்று மார்ச் 3ஆம் தேதி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியவள் நான். என் டீசலில் விழுந்தது யார்? அந்தக் கார்க்காரரா?

மார்ச் 20, வெள்ளி

இரண்டு நாளாக வண்டிக்கு அடியிலேயே கிடக்கிறேன். வெடிப்பு இல்லை. ஒழுக்கு இல்லை. ஒன்றும் பிடிபடவில்லை.

மதியம் அண்ணி டீ கொண்டு வந்தாள். கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"நிறைகுடம் தளும்பாதும்பாங்க. இது ஏன்டி பொங்குது?"

"தெரியல அண்ணி. சும்மா நின்ன டேங்க் அது. ஒரு சொட்டு எடுக்கல."

"எடுக்கலைன்னா அப்படியேதான இருக்கணும். ரொம்பி இருக்கறதுல யாரோ ஊத்துனாத்தான பொங்கும்? யாரு ஊத்துனது?"

படுத்தபடியே அவளைப் பார்த்தேன். டீயை மறந்துவிட்டேன்.

நான்தான் ஊற்றியிருக்கிறேன். டீசல் இன்ஜின் தனக்கு வேண்டியதை விட அதிகமாக இழுக்கும். எரித்தது போக மிச்சத்தை வேறொரு குழாய் வழியாக டேங்க்குக்கே திருப்பி அனுப்பும். எடுக்கிற குழாயை வால்வில் சேர்த்த நான் திரும்புகிற குழாயைத் தொடவே இல்லை. புது டேங்க்கிலிருந்து எடுத்த டீசலின் மிச்சம் முழுக்க, ஏற்கெனவே நிரம்பியிருந்த பழைய டேங்க்கில் போய் விழுந்திருக்கிறது. மிச்சம்தானே, எங்கே போனால் என்ன என்ற அலட்சியம்.

எடுப்பது ஒருவரிடம், கொண்டுபோய்க் கொட்டுவது ஏற்கெனவே நிரம்பியவரிடம். ஊரில் நடப்பதைப் பார்த்து எத்தனை பக்கம் திட்டி எழுதியிருப்பேன்! அதையே ரப்பர் குழாயில் செய்து வைத்திருக்கிறேன்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். திட்டுவான் என்று தயாராகத்தான் போனேன். வயிறு குலுங்கச் சிரித்தான். முதுகு வலித்தது, அப்போதும் சிரித்தான். "எனக்கு டீசல் பத்தல, உனக்கு டீசல் அதிகம். நம்ம வீட்டுல யாருக்குமே அளவு தெரியல போ."

மார்ச் 23, திங்கள்

இரட்டை வால்வு. ஒரே பிடி. அதைத் திருப்பினால் எடுக்கிற குழாயும் திரும்புகிற குழாயும் சேர்ந்தே மாறும். எதிலிருந்து எடுக்கிறதோ அதற்கே திருப்பித் தரும். பழைய காரைத் தொங்கவிட்டு எங்கள் வளாகத்துக்குள்ளேயே நாற்பது சுற்று சுற்றினேன். அண்ணி வெள்ளைத் துணியோடு கூடவே நடந்து, சுற்றுக்கு ஒரு தரம் மூடியைத் துடைத்துக் காட்டினாள்.

துணி வெள்ளையாகவே இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

முத்திரை கிடைத்தது. அதே அதிகாரி. இந்த முறை நேராக என்னிடம்தான் சாவியை நீட்டினார்.

ஏப்ரல் 4, சனி

நூற்றெழுபத்திரண்டாவது கல். தூரத்துப் பட்டியலில் முதல் அழைப்பு. முட்டையிலிருந்து வந்து ஒரே நாளான கோழிக்குஞ்சுகளோடு ஒரு சின்ன லாரி. ஓட்டி வந்தவர், "அவங்க சாயங்காலம் வர்றேங்கறாங்க. வெயில்ல எல்லாம் செத்துடும்மா" என்றாராம்.

மூன்று மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்று அண்ணி அவரிடம் சொன்னாள். பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன். ஒன்பது பெட்டிகளை கேபினில் ஏற்றினோம். மீதி காற்றோட்டமாகப் பின்னால் அவர் லாரியிலேயே. வழி முழுக்கக் காதுக்குள் கீச்சு கீச்சு. அவர் பெட்டி பெட்டியாகக் காது வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். நூறாவது கல்லில் பிடியைத் திருப்பினேன். இறங்கிப் போய் இரண்டு மூடியையும் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"என்னம்மா, ஏதாவது பிரச்சனையா?"

"இல்லண்ணே. சும்மா."

இருபத்தேழு குஞ்சுகள் இறந்துவிட்டன. மற்றதெல்லாம் உயிரோடு.

ஏப்ரல் 7, செவ்வாய்

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன், போன் அடித்தது. அண்ணி எடுத்தாள். "வர்றோம்" என்றாள். எத்தனையாவது கல் என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள்.