தங்கச்சி காய்ச்சிய வெயில் களிம்பு

மார்ச் 3, ஞாயிறு

பால் காய்ச்சலாம் என்று பாத்திரத்தை எடுத்தால் உள்ளே மெழுகு. அடியில் ஒரு விரல் கனத்துக்கு மஞ்சளாக உறைந்து கிடந்தது. சுரண்டினேன். கரண்டியிலும் ஒட்டிக்கொண்டது.

"அதைத் தொடாதக்கா, அது களிம்புக்கு பேஸ்!" என்று உள்ளேயிருந்து குரல்.

பேஸாம். பால் எதில் காய்ச்சுவதாம்?

தங்கச்சி இங்கே வந்து அரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. கட்டியவனோடு எல்லாம் முடிந்துபோய், இரண்டு பெட்டியோடு வந்தாள். அன்றிலிருந்து மதியம் வரை போர்த்திக்கொண்டு படுக்கை. சாப்பிட்டியா என்றால் "ம்". தூங்கினியா என்றால் அதே "ம்". போன வாரம் ஏதோ காணொளி பார்த்தவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். வெயிலுக்குப் பூசும் களிம்பை வீட்டிலேயே, இயற்கையாக, தானே செய்யப் போகிறாளாம். கடையில் விற்பதெல்லாம் விஷமாம்.

"பாத்திரம் போனா போகட்டும், எழுந்தாளே" என்கிறார் இவர். இவருக்கென்ன? தேய்ப்பது நான்.

மார்ச் 6, புதன்

மிக்ஸியில் எது அரைத்தாலும் தேன்மெழுகு வாசனை. இவர் மட்டும் "நல்லாத்தானே இருக்கு" என்று தட்டை வழித்துச் சாப்பிடுகிறார். நாக்கு செத்த மனுஷன்.

மார்ச் 14, வியாழன்

இன்று நான் சோதனை எலி.

தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, கேரட் விதை எண்ணெய், பொட்டலத்தில் வந்த வெள்ளைத் துத்தநாகப் பொடி. எல்லாவற்றையும் உருக்கிக் கலக்கி என் முகத்திலும் கழுத்திலும் அப்பிவிட்டாள். அப்படியே நீச்சல் சொல்லிக்கொடுக்கக் குளத்துக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையாக நின்று சிரித்தன. "மிஸ், மாவு மூட்டைல விழுந்துட்டீங்களா?" என்றது மீன்குட்டி. ஒன்பது வயது. தண்ணீரை விட்டு வெளியே வரவே வராது என்பதால் எல்லாரும் வைத்த பெயர். நான் இறங்கியதும் தண்ணீரில் எண்ணெய் படர்ந்தது. மேனேஜர் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டினார். இருபது வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறேன், குளத்தை அழுக்காக்கினேன் என்று திட்டு வாங்கியது இன்றுதான்.

சாயங்காலம் பார்த்தால் கழுத்தின் பின்பக்கம் திட்டுத் திட்டாக எரிச்சல். சில இடம் சிவப்பு, சில இடம் ஒன்றுமில்லை.

"நீ சரியா தேய்க்கலக்கா."

"தேய்ச்சதே நீதானேடி!"

"அப்ப பொடியைக் கூட்டணும்."

"இது வெயிலைத் தடுக்கும்னு உனக்கு யாரு சொன்னா? டாக்டரா?"

"அந்தக் காணொளி அம்மாவோட முகத்தைப் பாரு. ஒரு புள்ளி இருக்கா?"

எரிகிற கழுத்தில் மோரைத் தடவிக்கொண்டேன்.

மார்ச் 23, சனி

சின்னச் சின்ன டப்பாக்கள் வாங்கி வந்திருக்கிறாள். மூடியில் சூரியன் படம் வரைகிறாள். அடுப்பு மேடையில் கை வைக்க இடமில்லை. சிங்க் அடைத்துக்கொண்டு, குழாய்க்காரர் வந்து உள்ளேயிருந்து மெழுகுக் கட்டியை எடுத்துக் காட்டி, "வீட்ல மெழுகுவத்தி பண்றீங்களாம்மா?" என்றார்.

கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "பூசறதா இருந்தா நீ பூசு, உன் மாமாவுக்குப் பூசு. குளத்துப் பிள்ளைங்க பக்கம் இது வரவே கூடாது. முதல்ல ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டு."

"உனக்கு நான் எது பண்ணாலும் நொள்ளைதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இவர் பிறகு தனியாக வந்து, "இன்னிக்கு பாட்டெல்லாம் பாடிட்டிருந்தா. கொஞ்சம் விட்டுப் பிடியேன்" என்றார். எதை விடுவது, எதைப் பிடிப்பது? அது நிஜம்தான், நானும் கேட்டேன், பாடினாள். டப்பாவைப் பிடுங்கினால் பாட்டும் போய்விடுமோ என்றுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

தங்கச்சி குளத்துக்கு வந்தாள், சும்மா பார்க்க. தலை வாரி, நல்ல உடுப்பு போட்டு. படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாக்களோடு கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள்ளிருந்து பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 6, சனி

எழுத வரவில்லை.

போட்டி வருகிறது என்று இன்று மதியம் வரை பயிற்சி. மீன்குட்டி வழக்கம்போல் கடைசியாகத்தான் ஏறியது. சாயங்காலம் அதன் அம்மா போன். பின்னால் பிள்ளை வீல் வீலென்று கத்துகிறது. தோள், முதுகு எல்லாம் வெந்து கொப்புளம். சட்டை போட முடியவில்லை. ஓடினேன். ஆஸ்பத்திரியில் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் "மிஸ், போட்டிக்கு சரியாயிடுமா?" என்றது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் தடவிக் கொடுத்தேன்.

அம்மா பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். மூடியில் சூரியன்.

"உங்க தங்கச்சிதான் நேத்து குடுத்தாங்க. இது போதும், கடையில வாங்கறதைப் பூசாதீங்க, அது விஷம்னாங்க. உங்க தங்கச்சியாச்சேன்னு நம்பினேன்."

உங்க தங்கச்சியாச்சே. என் பெயரை வைத்துக் கொடுத்திருக்கிறாள்! அத்தனை தடவ சொன்னேனே! காதுல என்ன வச்சிருந்தா இவ? பச்சப் புள்ளடி அது!

வீட்டுக்கு வந்து கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். "உன் வாழ்க்கை கெட்டதுன்னா ஊரான் பிள்ளை முதுகா கிடைச்சுது உனக்கு?" என்றுகூட. இவர் என் வாயைப் பொத்தினார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 8, திங்கள்

மேனேஜர் விசாரணை என்கிறார். இன்னும் எத்தனை பேரிடம் அந்த டப்பா இருக்கிறது என்று கேட்டார். எனக்கே தெரியாது. கதவைத் தட்டினால் அவள் திறப்பதில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் அவள் அறை திறந்து கிடந்தது. ஆள் இல்லை. போன் மேஜைமேல். எனக்கு உயிரே போய்விட்டது. இவர் பேருந்து நிலையம் பக்கம் ஓடினார், நான் தெருத் தெருவாக. மதியம் வியர்த்து வழிந்து தானே வந்து நின்றாள். அறையலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல் நின்றேன்.

மீன்குட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அம்மா வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினாளாம். "திட்டி முடிக்கிற வரைக்கும் நின்னேன்க்கா. அப்புறம் கதவைச் சாத்திட்டாங்க." அங்கிருந்து நேராக ஒரு தோல் டாக்டரிடம், டப்பாவோடு.

"என்ன சொன்னாரு?"

"விரல்ல எடுத்து கண்ணாடித் துண்டுல தேய்ச்சுக் காட்டினாரு. பொடி கட்டி கட்டியா நிக்குது. நடுவுல வெறும் எண்ணெய். கையால கலக்கினா இப்படித்தான், எவ்வளவு வெயிலைத் தடுக்கும்னு சோதனைக்கூடத்துல பார்க்காம யாராலயும் சொல்ல முடியாதுன்னாரு." டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, "உன் கழுத்துலயும் திட்டுத் திட்டாத்தானேக்கா எரிஞ்சுது" என்றாள்.

பிறகு அவளே கிளம்பினாள், மிச்ச டப்பாக்களை வாங்க. கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் அவளே வாயைத் திறந்து சொன்னாள். "நான் தெரியாம குடுத்துட்டேன். பூசாதீங்க. திருப்பிக் குடுத்துடுங்க." ஒரு அம்மா மட்டும் தரமாட்டேன் என்று அடம். குதிகால் வெடிப்புக்கு அருமையாக இருக்கிறதாம்! "வெயில்ல பூசாத வரைக்கும் என்னமோ பண்ணிக்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

மறுபடியும் போர்வை. மறுபடியும் "ம்". அடுப்பு மேடை துடைத்து வைத்தாற்போல் கிடக்கிறது. இந்தச் சுத்தத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏப்ரல் 20, சனி

என் புது நீச்சலுடையைக் காணோம் என்று அலமாரியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கடைசியில் அவள் மடியில், கத்தரித்த துண்டுகளாக.

"இதுதான்க்கா நெருக்கமான துணி. ஜன்னல்ல பிடிச்சுப் பாரு, வெளிச்சமே வரல. துணியும் தொப்பியும் நிழலும்தான் முதல்ல, களிம்பு அப்புறம்னு டாக்டர் சொன்னாரு."

"அதுக்கு என் உடுப்பா கிடைச்சுது? இன்னும் ஒரு தடவ கூட போடலடி நான்!"

"உனக்கு வேற வாங்கிக்கலாம்."

வாங்கிக்கலாமாம்! யார் வாங்குவது? ஆனால் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்து தைக்கிறாள். கை முழுக்க மூடி, கழுத்து உயர்ந்து, சின்னதாக ஒரு மேலுடுப்பு. அளவு யாருடையது என்று நான் கேட்கவில்லை.

மே 12, ஞாயிறு

மேனேஜர் என்னை எச்சரித்து விட்டுவிட்டார். மீன்குட்டிக்குத் தோல் உரிந்து ஆறிவிட்டது. போட்டி போனது போனதுதான். அதற்காக அழுதது என்று கேள்விப்பட்டு நானும் அழுதேன். இன்று குளத்துக்கு வந்தது, அந்த மேலுடுப்போடு. அம்மா என்னிடம் வந்து நின்று, "உங்க தங்கச்சி மேல எனக்குக் கோவம் போகல. சொல்லிட்டேன். ஆனா இவ இதைக் கழட்ட மாட்டேங்கறா, நான் என்ன பண்றது?" என்றாள்.

நியாயம்தான். தலையாட்டினேன்.

ஜூன் 15, சனி

தாங்க முடியவில்லை இவளை. மேனேஜரை நச்சரித்து நச்சரித்துக் குளத்து ஓரம் முழுக்கத் துணிப் பந்தல் போடவைத்துவிட்டாள். சின்னப் பிள்ளைகளின் வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றவைத்துவிட்டாள். வாசலில் நின்று, தொப்பி இல்லாத பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறாள். இன்று எல்லார் முன்னாலும் என்னையே, "தொப்பி எங்கக்கா? நீயே இப்படி இருந்தா பிள்ளைங்க எப்படிக் கேக்கும்?" என்று. மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இன்னொரு பந்தல் கேக்கறாங்க. நீங்க கொஞ்சம் சொல்லக்கூடாதா?" என்று கெஞ்சினார். நான் சொல்லி எதை அவள் கேட்டாள்?

பயிற்சி நடுவே தற்செயலாகப் பந்தல் பக்கம் திரும்பினேன். தங்கச்சி கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் துணிக் குவியலோடு தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மீன்குட்டியின் அம்மா. ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பேசவும் இல்லை. நூல் தீர்ந்ததும் தங்கச்சி ஊசியைப் பக்கவாட்டில் நீட்டினாள். அந்த அம்மா வாங்கி, நூல் கோத்து, திருப்பிக் கொடுத்தாள்.

நான் விசில் ஊத மறந்து நின்றுவிட்டேன். பிள்ளைகள் ஒரு சுற்று கூடுதலாக நீந்தி வந்து, மூச்சு வாங்க என்னைத் திட்டின.