கடைசி அத்தியாயம் வராத வாரம்

டீச்சர்,

உங்கள் அண்ணன் மகள் கொடுத்துவிட்ட உறையைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. உள்ளே, ஞாயிறு பேப்பரில் தொடராக வந்த உங்கள் மூன்றாவது நாவலின் கடைசி அத்தியாயம், கத்தரித்து மடித்தபடி. ஆறு வருடமாக நான் கேட்கப் பயந்தது, நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் கழித்து வீடு தேடி வந்துவிட்டது.

இந்த மலையில் நாவல் எழுதிய முதல் பெண் நீங்கள். "கங்காணி மகளுக்குக் கொழுப்பு" என்று பேசியவர்களின் பிள்ளைகளுக்கும் நீங்கள்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்தக் கதை முடியவிருந்தபோது நான் நிறைமாதம். எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே பேப்பர். பிரிஞ்சாங் டவுனிலிருந்து காய்கறி லோரியில் வரும். குழாயடியில் நான் உரக்க வாசிப்பேன். கதையில், லயத்தில் பிறந்த வேணி படித்து, தோட்டப் பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்புவாள். வாளி நிரம்பி வழிந்தாலும் யாரும் குழாயை மூடமாட்டார்கள்.

கடைசி வாரம் மண் சரிந்து பாதை அடைபட்டது. லோரி வரவில்லை. எனக்கு மகள் பிறந்தாள். முடிவு தெரியாமலே வேணி என்று பெயர் வைத்துவிட்டேன்.

பிள்ளை பார்க்க வந்த நீங்கள் பெயரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?"

அதற்குமேல் நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காலேஜ் படித்தவள் கதைக்குப் பயப்படலாமா என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் மழை பிடித்தால், அந்த வாரச் சரிவு நினைவுக்கு வந்து, லயத்துக்குப் பின்னாலிருக்கும் மேட்டைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. "வெறும் கதை லா. நீ ரொம்பப் படிச்சிட்ட," என்பார் என் கணவர். அந்த அத்தியாயத்தைத் தேடிப் படித்துவிடு என்று அவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று வாசித்துவிட்டேன். மழையில் பிள்ளைகளை வெளியேற்றிய வேணி, ஒரு தலை குறைகிறது என்று வகுப்புக்குள் திரும்புகிறாள். மேடு சரிந்து வகுப்பின் மேல் இறங்கிவிடுகிறது.

அந்தக் கடைசிப் பத்தியைச் சிவப்பு மையால் குறுக்காக அடித்திருக்கிறீர்கள், தாள் கிழியும் அழுத்தத்தில். ஓரத்தில் ஒரு தேதி. என் மகளைப் பார்க்க வந்த நாள் அது. புத்தகம் எப்போது வரும் என்று கேட்டவர்களிடமெல்லாம் "இன்னும் முடியல," என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அடித்த இடத்தில் வேறு எதையும் எழுதவில்லை. நல்லதாக ஏதாவது எழுதியிருந்தால், என்னைத் தேற்ற எழுதியது என்று நினைத்திருப்பேன்.

பயம் போகவில்லை, டீச்சர். மத்தியானத்திலிருந்து மழை. வேணியின் பள்ளி வேன் இன்னும் வளைவு திரும்பவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பாதைக்கு இறங்குகிறேன். அந்தப் பெயருக்கு எழுதிய முடிவை விட்டுவைக்க உங்களுக்கே மனம் வரவில்லை; அந்த நினைப்பு மட்டும் என்னோடு வருகிறது.